உபசாரத்துக்குக் கொடுத்த நாய்

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாளில் ஒரு வீட்டுக்கு விருந்தாடப் போனால், கண்ணில் பட்டதை நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. சொன்னால் அந்த வீட்டுக்காரர் உடனே "எடுத்துக்குங்க" என்பார். நாம் "இங்கயே இருக்கட்டுங்க, எங்க இருந்தா என்னுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் "அதுக்கென்னுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று இன்னொரு தரம் சொல்வார். நாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட வேண்டும். பொருள் இருந்த இடத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது.

எங்கள் அம்மா இதற்குப் பயந்துகொண்டே, யார் வீட்டுக்குப் போனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தரம் பக்கத்துத் தோட்டத்துச் சின்னம்மா எங்கள் கூரைமேல் காய்த்திருந்த அரசாணிக்காயை, அதாவது மஞ்சள் பூசணியைப் பார்த்து, "யம்மாடி, எத்தாப் பெருசு!" என்றாள். அம்மா முறைப்படி "எடுத்துக்குங்க" என்றாள். சின்னம்மாவுக்கு முறையெல்லாம் தெரியாது. கொடியைத் திருகிப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். "புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டுப் போறாளே, பாருங்க!" என்று அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு இதே பேச்சு. அப்பா சிரித்தார். அரசாணிக்காய்தானே என்று சிரித்தார்.

அப்பாவை நாங்கள் ஐயன் என்று கூப்பிடுவோம். அன்னூருக்கு மேற்கே எங்கள் தோட்டம். தோட்டம் என்பது பேருக்குத்தான். கிணற்றில் தண்ணீர் ஊறினால் தோட்டம், ஊறாவிட்டால் வெறும் மேட்டாங்காடு. சோளம், கம்பு, கொள்ளு. ஆனாலும் எங்கள் ஐயனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அவரைத் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய நாயைத் தெரியும்.

நாய்க்குப் பேர் செவலை. தனியாகப் பேர் வைக்கவில்லை, நிறத்தையே சொல்லிக் கூப்பிட்டோம். ஒரு ஆட்டுப்பட்டிக்காரரிடமிருந்து குட்டியாக வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். ஒட்டின வயிறு, நீண்ட கால், கூரான மூஞ்சி. உட்கார்ந்திருந்தால் எலும்பும் தோலும்தான். ஓடும்போதுதான் அது நாய். புதிதாகப் பார்க்கிறவர்கள், "ஏனுங்க, இதுக்குச் சோறு போடறதில்லீங்களா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கொள்ளு வேகவைத்த தண்ணீரும் கம்மஞ்சோறும் எங்களுக்கு ஊற்றுவதற்கு முன் அதற்குத்தான் ஊற்றுவாள். அது நக்கிக் குடிக்கிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

தை கழிந்து சோளத்தட்டு அறுத்து முடித்தால் காடு மொட்டையாகக் கிடக்கும். அப்போதுதான் முயல் வேட்டை. ஆண்கள் வரிசையாக நின்று கிளுவை வேலியைத் தடியால் தட்டிக்கொண்டு வருவார்கள். பெண்பிள்ளைகள் போகக் கூடாது என்பதால் நான் கிணற்று மேட்டில் ஏறி நின்றுகொள்வேன். வேலிக்குள்ளிருந்து முயல் பொத்தென்று வெளியே விழும். மற்ற நாய்கள் குலைத்துக்கொண்டு பின்னால் ஓடும். செவலை குலைக்காது. முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும், குறுக்கே போய் நிற்கும். கௌவின முயலைத் தோல் கிழியாமல் கொண்டுவந்து ஐயன் காலடியில் வைக்கும். வைத்துவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும்.

அவர் இடுப்புக் கயிற்றில் பித்தளை முள்வாங்கி ஒன்று தொங்கும். இப்போது எந்த வீட்டில் இருக்கிறது அது? வேட்டை முடிந்ததும் மற்றவர்கள் முயலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, ஐயன் செவலையின் பாதத்தை மடியில் வைத்து முள் எடுத்துக்கொண்டிருப்பார். எங்களை "ஏ புள்ள" என்று அதட்டியே பழகினவர், அதை "காட்டு கண்ணு, அந்தக் காலக் காட்டு" என்பார். எனக்கும் அக்காவுக்கும் அதில் பொறாமைகூட உண்டு.

அவினாசிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கறவை மாட்டைக் கொடுத்து அதைக் கேட்டார். ஐயன் முகத்துக்கு நேராக "இல்லீங்க" என்று சொல்லி அனுப்பினார். விலைக்குக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டு ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு கௌரவம் இருந்தது.

அந்த வருடம்தான் அக்காவுக்குச் சத்தியமங்கலத்தில் இடம் அமைந்தது. பவானி ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரம். வாழை, மஞ்சள், கரும்பு என்று வாய்க்கால் பாயும் பூமி. கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்துப் பிழைக்கிற எங்களுக்கு அது பெரிய சம்பந்தம். உப்புச்சக்கரை மாற்றுவதற்கு அவர்கள் பிளசர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம், சன்னமான குரல். மாட்டுக்காரப் பையனைக்கூட "வாங்க, போங்க" என்பார். அவரை நாங்கள் பிற்பாடு சத்தி மாமன் என்று கூப்பிட்டோம்.

உப்பும் சர்க்கரையும் தட்டு மாற்றினார்கள். பேச்சு உறுதியாயிற்று. பந்தியில் அரிசிச் சோறு, பருப்பு, நெய், கச்சாயம், பாயசம். கச்சாயத்துக்கு அம்மா விடிகாலையிலேயே எழுந்து மாவு இடித்திருந்தாள். சத்தி மாமன் இரண்டு வாய் வைத்துவிட்டு இலையை மடித்துவிட்டார். "போதுமுங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். எங்கள் பெரியப்பன், ஐயனின் காதருகே குனிந்து, "பெரிய எடத்துக்காரங்களுக்கு நம்ம சோறு எறங்குலியாட்டம் இருக்குது" என்றார். மெல்லச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். பெரியப்பனுக்குக் காது மந்தம், அவர் மெல்லப் பேசினால் கிணற்றுமேட்டுக்குக் கேட்கும். ஐயன் முகம் சுருங்கியதைச் சத்தி மாமனும் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். செவலை ஐயன் காலடியில் படுத்திருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று சத்தி மாமன் சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும்.

"நாயி ரொம்ப லட்சணமா இருக்குதுங்க மச்சான்" என்றார்.

"அதுக்கென்னுங்க மச்சான், ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார் ஐயன்.

இங்கேயே இருக்கட்டுங்க என்ற பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தோம். சத்தி மாமன் ஐயனைப் பார்த்தார். பெரியப்பனைப் பார்த்தார். மடித்த இலைகளை வாரிக்கொண்டு போன அம்மாவைப் பார்த்தார்.

"அப்படிங்களா? நீங்க ஆசையாக் குடுத்து வேண்டாங்கறதுங்களா? சரிங்க மச்சான்" என்றார்.

ஐயன் கை செவலையின் கழுத்தில் இருந்தது. கை அங்கேயே இருந்தது. பிறகு, "அதுக்கென்னுங்க" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, கயிறு எடுத்துவர அவரே எழுந்து போனார்.

பெட்ரோல் வாசனைக்குச் செவலை மிரண்டது. ஐயன் கன்றுக்குட்டியைத் தூக்குவது போலத் தூக்கிக் காருக்குள் கால் வைக்கிற இடத்தில் விட்டு, "இரு" என்றார். இரு என்றால் இருக்கும். கார் கிளம்பித் தடத்தில் புழுதி எழுந்து அடங்கும்வரை அது எழுந்து நிற்கவில்லை.

நான் அழுதேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "கல்யாணம் பேசின ஊட்டுல ஒரு நாய்க்கோசரம் அழுவறயா?" என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது, அடுப்புப் புகை என்றாள். அக்காதான் எனக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். "எனக்கு முன்னால அது போயிருச்சு. அந்த ஊட்ல அடுப்படி எங்க இருக்குதுன்னு அதுதான் எனக்குக் காட்டோணும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். ஐயன் அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை, வெயில் என்றார்.

பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கின சமயத்தில் ஒரு நாள் காலை, ஐயன் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். எருதுகள் சரிவில் இறங்கி இழுக்க, தோல் பறி தண்ணீரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் வாய்க்காலில் மடை மாற்றப் போனவள் காட்டுப் பக்கம் பார்த்தேன். மொட்டைக் காட்டின் குறுக்கே ஏதோ ஒன்று நடந்து வந்தது. ஓடவில்லை, நடந்து வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. கழுத்தில் கயிறு இல்லை.

"ஐயா, செவலை!" என்று கத்தினேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். பாதி ஏறின பறி கிணற்றுக்குள் தொபீரென்று விழுந்தது. கவலையைப் பாதியில் விட்ட மனிதர் என்று யாரும் அதற்கு முன் அவரைச் சொன்னதில்லை. வாய்க்கால் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார். அது அவர் மடியில் தலையை வைத்தது. உடம்பெல்லாம் காய்ந்த வண்டல். பவானியை எப்படித் தாண்டியதோ, அத்தனை ஊர் நாய்களை எப்படித் தாண்டியதோ. அவர் முள்வாங்கியை எடுத்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்தார். ஐயன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வந்துட்டயா? வழி கேட்டுக் கேட்டு வந்துட்டயா கண்ணு?" என்றார்.

மத்தியானத்துக்குள் பெரியப்பன் வந்துவிட்டார்.

"இத இங்க வெச்சுக்கலாம்னு நெனக்கறயா? உப்புச்சக்கரை மாத்திப்போட்டு, குடுத்தத மறுக்கா வாங்கிக்கிட்டாங்கன்னு நாளைக்கு அந்த ஊர்ல பேச மாட்டாங்களா?"

"நான் எங்கீங்ணா வாங்கினேன்? அதுவா வந்துச்சு" என்றார் ஐயன்.

"நாயி வந்துச்சுன்னு ஆரு நம்புவா? ஆள் உட்டுக் கொண்டாந்துட்டான்னுதான் சொல்லுவாங்க."

ஐயன் அதற்குக்கூட அசையவில்லை. மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து அம்மா பேசினதுதான் அவரை அசைத்தது. "நம்ம பொண்ணு போற ஊட்டுக்குன்னு போன உசுருங்க அது. பொண்ணு போறதுக்கு முந்தியே திரும்பி வந்து நிக்குது. நாளைக்கு இவளும் இப்படித்தான் வந்து நிப்பாளோ?"

"நான் நடந்தெல்லாம் வர மாட்டேன், பிளசர்லதான் வருவேன்" என்றாள் அக்கா. அம்மா அவள் வாயிலேயே ஒன்று போட்டாள். அக்கா உதட்டைப் பிடித்துக்கொண்டு, "இருந்துட்டுப் போவுட்டுங்கய்யா. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஐயன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணுடைய வாழ்க்கையைப் பணயம் வைத்து ஒரு நாயை வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. "கால் ஆறட்டும். நானே கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்" என்றார்.

கால் ஆற வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆறிவிட்டது. புளியம்பட்டிச் சந்தைக்குப் போகிற வண்டியில் ஏற்றி, அங்கிருந்து சத்தியமங்கலத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஐயன் அதட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கூடப் போன வண்டிக்காரர் பின்னால் எத்தனையோ தரம் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். சத்தி மாமன் வாசலில் நின்று, "அட, எதுக்குங்க மச்சான் இத்தன சிரமம்? வந்தது வந்துருச்சு, அங்கயே இருந்திருக்கலாமுங்களே" என்றாராம்.

"அதெப்படிங்க? உங்க பொருளுங்க."

"எங்க இருந்தா என்னுங்க? நீங்களே வெச்சுக்குங்க மச்சான்."

"குடுத்தது குடுத்ததுதானுங்க."

"மறுக்கா ஒருக்காச் சொல்றனுங்க, ஓட்டிக்கிட்டே போயிருங்க."

"நல்லா இருக்குமுங்களா மச்சான்? நீங்க மோர் குடுங்க, குடிச்சுப்போட்டுக் கெளம்பறேன்."

"ரெண்டு பேரும் நாயை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளி உட்டாங்க பாருங்க, பந்தாட்டமே தோத்துப்போவும்" என்று வண்டிக்காரர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். ஐயன் அந்தக் கதை ஆரம்பித்தாலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அக்கா போனாள். போன இடத்தில் செவலை கட்டுத்தரையில் இரும்புச் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. இன்னொரு தரம் ஓடி வந்து சம்பந்தியை அலைய விடக் கூடாதாம். அக்கா தினமும் கம்மஞ்சோறு பிசைந்து வைத்திருக்கிறாள். அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் சேலையில் எங்கள் வீட்டு வாசனை போகிறவரை சேலையையே முகர்ந்துகொண்டு கிடந்ததாம்.

மழைக்கு அப்புறம் வாழைக்குள் காட்டுப்பன்றி இறங்கியது. அந்த ஊர் நாய்கள் கட்டையாக, கழுத்து தடித்திருக்கும். கூட்டமாக நின்று குலைத்துப் பன்றியை மறிக்கும், அருகில் போகாது. விடிந்ததும் ஆட்கள் நாய்களை அவிழ்த்துவிட்டபோது செவலையையும் சேர்த்து அவிழ்த்திருக்கிறார்கள். வேட்டை நாய்தானே என்று நினைத்துவிட்டார்கள். மொட்டைக் காட்டில் முயலுக்குக் குறுக்கே போய் நிற்கப் பழகின நாய் அது. குலைக்காமல், எல்லா நாய்களுக்கும் முந்தி, தனியாகப் போய்ப் பன்றிக்குக் குறுக்கே நின்றிருக்கிறது.

சேதியை ஆள்விட்டுச் சொல்லி அனுப்பவில்லை. சத்தி மாமனே வந்தார், பஸ்ஸில் வந்து இறங்கி, தடத்தில் நடந்து வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எழவு சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள நல்லா இருக்குதுங்க. செவலைதானுங்க மச்சான், தவறிருச்சுங்க" என்றார் அவர். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை ஐயன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அட, இதுக்குங்களா இவ்வளவு தூரம் வந்தீங்க? நாயிதானுங்களே. வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்" என்றார்.

நாய்தானே என்று ஐயன் சொன்னதை நான் கதவோரத்தில் நின்று கேட்டேன். நெடுங்காலம் அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. சத்தி மாமன் அன்று இலையில் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த ஐயன், மாட்டுக்குத் தட்டு நறுக்குகிறேன் என்று கட்டுத்தரைக்குப் போனார். நறுக்குகிற சத்தம் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் வேலி தட்ட ஆட்கள் வந்து கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றார். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருந்தபோது சத்தி மாமன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்கப் போனேன். அந்த நிலையிலும், "உக்காருங்க அம்மணி, காப்பி குடிச்சீங்களா?" என்றார். அக்கா அடுப்படிக்குப் போனபின் அவராகவேதான் ஆரம்பித்தார்.

"உங்க ஊட்டு நாயி நாபகம் இருக்குதா கண்ணு? அன்னைக்கு எனக்கு வயித்துக் கோளாறு. பிளசர்ல குலுங்கிக் குலுங்கி வந்து, சோத்தப் பாத்தாலே கொமட்டுது. அதச் சொன்னா நல்லாவா இருக்கும்? உங்க பெரியப்பன் சொன்னது காதுல உளுந்துச்சு. உங்கம்மா மொகம் உளுந்து போச்சு. நாயி நல்லா இருக்குதுன்னு சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னேன். ஓட்டிக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. சோத்தையும் வேண்டாம்னுட்டு, அதையும் வேண்டாம்னா, பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு என்னாவறது?"

"அப்ப உங்களுக்கு வேண்டாங்களா மாமா?"

"எனக்கும் நாய்க்கும் ஆவாது கண்ணு. கிட்ட வந்தாலே தும்மலு." சிரிக்கப் பார்த்து இருமினார். "இங்க வந்து சோறு தண்ணி தொடுல. பாக்க மாட்டாம நான்தான் அவுத்து உட்டேன். ஆத்துப் பாலம் வரைக்கும் கூடவே நடந்து போயி, போ சாமி, உங்கூட்டுக்குப் போன்னேன். ஊடு போய்ச் சேந்திருக்கும்னு நிம்மதியா இருந்தேன். கொஞ்ச நாள்ல உங்கய்யனே கொண்டாந்து வாசல்ல நிறுத்தறாங்க. வேண்டாமுங்க, ஓட்டிக்கிட்டுப் போங்கன்னு நெசமாத்தான் சொன்னேன் கண்ணு. அவுங்க அத உபசாரம்னு நெனச்சுக்கிட்டாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கய்யன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி. வருத்தப்படுவாங்க."

சத்தி மாமன் இருந்தவரை நான் சொல்லவில்லை. அவர் காலமானபோது ஐயனும் நானும்தான் எழவுக்குப் போய்விட்டு ஒன்றாகத் திரும்பினோம். அன்னூர்த் தடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டு வழியே நடந்தோம். சோளம் அறுத்த காடு. ஐயனுக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது. நல்ல மனுசன், ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை என்று சம்பந்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

ஐயன் நின்றுவிட்டார்.

"அவுங்களே அவுத்து உட்டாங்களா?"

"ஆமாங்கய்யா. பாலம் வரைக்கும் கூட நடந்து வந்தாங்களாம்."

"வேண்டாம்னு சொன்னது நெசமாங்கறயா?"

"நெசந்தானுங்கய்யா."

அவர் வடக்கே திரும்பினார். அங்கே மலை கோடாகத் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எதிரே ஆள் நிற்பது போல, குரலைத் தாழ்த்தி மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க வயித்து வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க மச்சான்" என்றார். "நானும் எனக்கு வேணுமுங்கன்னு கேட்டிருக்கலாமுங்க."